எட்டாம் எண் கொள்கலனில் ஓட்டை இல்லை

எரிபொருள் சேமித்து வைக்கும் பெரிய இரும்புக் கொள்கலன் ஒவ்வொன்றையும் பத்தாண்டுக்கு ஒருமுறை காலி செய்து, கழுவி, ஆள் உள்ளே இறங்கி, அதன் அடித்தகட்டைப் பார்த்தே ஆகவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான். எழுதியவர் நீடூழி வாழட்டும். ஆனால் காலி செய்கிற வேலையை அவர் கொள்கலனின் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டார். குழாய் வழியாக ஓயாமல் பெட்ரோல் வந்து இறங்கி, லாரி லாரியாக வெளியே போய்க்கொண்டிருக்கும் ஒரு முனையத்தில், வியாபாரத்தை நிறுத்திவிட்டு டேங்கைக் கழுவப் போகிறேன் என்று எந்த மேலாளரும் தானாக முன்வந்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் பொறுப்பு நம்முடைய ஆய்வாளரிடம் இருந்தது. கொள்கலன் பாதுகாப்புத் துறையில் சேர்ந்த நாளிலிருந்து அவர் ஒரு டேங்குக்குள்ளும் போனதில்லை. வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பார், ஒரு சுற்று சுற்றுவார், விரலால் தட்டிப் பார்ப்பார், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்து கடிதம் எழுதுவார். ஏழாம் எண் டேங்க் கெடு தாண்டிவிட்டது, உடனே காலி செய்யவும் என்று இவர் எழுதுவார். தங்கள் மேலான கடிதம் பரிசீலனையில் உள்ளது என்று அங்கிருந்து பதில் வரும். பரிசீலித்துப் பரிசீலித்தே இரண்டு மேலாளர்கள் பணி ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். எந்தக் கூட்டமானாலும் எழுந்து நின்று அடித்தகட்டைப் பற்றியே பேசியதால், அலுவலகத்தில் அவருக்கு 'அடித்தகடு' என்றே பெயர் வந்துவிட்டது.

இவ்வளவு அக்கறைக்கும் கடமையுணர்ச்சிதான் காரணம் என்று யாராவது சொன்னால் அவரே சிரித்துவிடுவார். முனையம் ஒரு மேட்டில் இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னும் உயரத்தில் மேல் தெரு, இந்தப் பக்கம் சரிவில் கீழ்த் தெரு. கீழ்த் தெருவில்தான் ஆய்வாளர் பார்த்துப் பார்த்து ஒரு வீடு கட்டியிருந்தார். பின்பக்கம் ஒரு கிணறு. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்தவர்கள் இன்னொரு டம்ளர் கேட்காமல் எழுந்ததில்லை. அந்தக் கிணற்றுக்கும் முனையத்துக்கும் நடுவில் ஒரு மதிலும் ஒரு சாக்கடையும் ஒரு தையல் கடையும் மட்டும்தான் இருந்தன. டேங்கில் ஓட்டை விழுந்தால் அது முதலில் எந்தப் பக்கம் வரும் என்பதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு தேவையில்லை.

மனைவியின் தங்கை கணவர், அதாவது அவருடைய சகலை, மேல் தெருவில் வீடு கட்டியிருந்தார். கெட்டிக்காரர். "நான் டேங்குக்கு மேல கட்டிட்டேன், நீ கீழ கட்டிட்டே சகல. நாளைக்கு ஏதாவதுன்னா யோசிக்காம குடும்பத்தோட நம்ம வீட்டுக்கு வந்துடு" என்று வீடு பார்க்க வந்த அன்றே சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு சொன்னார். ஆறுதல் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அந்த ஆறுதல் ஆய்வாளருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

இந்த நிலையில் துறைக்குப் புதிய இயக்குநர் வந்து சேர்ந்தார். ஒரு மலை விடுதியில் நடந்த பயிலரங்கிலிருந்து நேராக வந்தார். குளிரில் கற்றது அவருக்குள் இன்னும் உறைந்தே இருந்தது. 'ஆய்வு என்பது குறை காண்பதல்ல, உறவு காண்பது' என்று அலுவலகச் சுவரில் எழுதவைத்தார். ஆய்வாளர் என்ற சொல் பயமுறுத்துகிறது என்று, எல்லோரும் இனிமேல் 'இணக்கத் தோழர்' என்று அறிவித்தார். ஒவ்வொரு தோழருக்கும் சட்டையில் குத்திக்கொள்ளச் சிரிக்கும் முகம் போட்ட ஒரு வட்டச் சின்னம் கொடுக்கப்பட்டது. முனையங்களை நடத்துகிறவர்கள் இனி நமக்குப் பங்காளர்கள் என்றார். பங்காளிகளோடு வழக்கு நடத்திக்கொண்டிருந்த நாலைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிறகு அவர் புள்ளிவிவரத்துக்கு வந்தார். போன ஆண்டு குறை கண்டுபிடிக்கப்பட்ட டேங்குகள் அத்தனையும் ஆய்வு செய்யப்பட்டவை. ஆய்வு செய்யப்படாத டேங்குகளில் ஒன்றில்கூடக் குறை இல்லை. இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார். கூட்டம் விழித்தது. யோசியுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

டீ முடிந்ததும் ஆய்வாளர் வழக்கம்போல எழுந்து நின்று ஏழாம் டேங்கின் அடித்தகட்டைப் பற்றிப் பேசினார். இயக்குநர் கோபப்படவில்லை. கோபப்படக் கூடாது என்பதும் பயிலரங்கில் சொல்லிக்கொடுத்த பாடம். பங்காளரின் மனம் நோகாமல் இதைப் பார்க்க ஒரு வழி சொல்லும்படி, விருந்தினராக வந்திருந்த முனைய மேலாளரையே கேட்டார். மேலாளர் வாய்நயம் உள்ளவர். ஏழும் எட்டும் ஒரே சமயத்தில், ஒரே ஒப்பந்ததாரர், ஒரே தகட்டில் கட்டியவை என்றும், இரண்டும் கூடப்பிறந்தவை மாதிரி என்றும், எட்டு இப்போது காலியாக ஓய்வில் இருப்பதால் அதைப் பார்த்தாலே ஏழைப் பார்த்த மாதிரிதான் என்றும் சொன்னார். இயக்குநர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கேயே அதற்கு 'ஒப்புமை ஆய்வு' என்று பெயர் சூட்டினார். ஏழாம் எண் கொள்கலனும் எட்டாம் எண் கொள்கலனும் எல்லா வகையிலும் ஒன்றே என்று ஒரு தீர்மானம் எழுதப்பட்டு, முதல் கையெழுத்துக்காக ஆய்வாளரிடம் நீட்டப்பட்டது.

போட்டார். எதற்காக ஒரு டேங்க் வேலை செய்யாமல் ஓய்வில் இருக்கிறது என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கழித்து ஒரு டேங்குக்குள் போகப் போகிறோம் என்ற சந்தோஷத்தில், சொத்தை எழுதிக் கேட்டிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பார்.

குறித்த நாளில் எட்டாம் டேங்கின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, காற்றைச் சோதித்து, விளக்கு கொடுத்து அவரை உள்ளே விட்டார்கள். மேலாளர் நிம்மதியாகத்தான் இருந்தார். அவர் அனுபவத்தில் எந்த ஆய்வாளரும் வாசலில் நின்று விளக்கடித்துப் பார்த்துவிட்டு, பெரிசா இருக்கே என்று சொல்லிவிட்டுத் திரும்புவதுதான் வழக்கம். இவர் உள்ளே போய் முட்டி போட்டார். பிறகு தவழ ஆரம்பித்தார். கல்யாண மண்டபம் மாதிரி விரிந்து கிடந்த இரும்புத் தரையில், துணியால் துடைத்துத் துடைத்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். சுவரோரம் ஓரிடத்தில் துரு பொருக்குப் பொருக்காக நின்றது. தட்டினார், உதிர்ந்தது. விரலை வைத்தார், உள்ளே போயிற்று. முழு விரலும் போயிற்று. அந்தப் பக்கம் ஈரமண் தட்டுப்பட்டது.

வெளியே வந்து விரலைக் காட்டினார். மேலாளர் அதைப் பார்த்துவிட்டு, உள்ளே கொஞ்சம் சேறு இருந்திருக்கும், கை கழுவிக்கொள்ளுங்கள் என்று சோப்பு வரவழைத்தார். ஆய்வாளர் கழுவவில்லை. விரலைத் தூக்கிப் பிடித்தபடியே அலுவலகம் வரை வந்தார்.

இயக்குநரும் மேலாளரும் ஆய்வாளரும் உட்கார்ந்தார்கள். இயக்குநர் முதலில் விரலுக்குக் கீழே ஒரு காகிதத்தை விரித்தார், மேஜையில் மண் படக்கூடாது என்று.

"ஏழும் எட்டும் ஒண்ணுதானே?"

"ஆமா சார்."

"நீங்கதானே முதல் கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா சார்."

"ஏழுல பெட்ரோல் நிக்குதா?"

"நிக்குது சார். இன்னைக்குக்கூட நிறைஞ்சு நிக்குது."

"அடியில ஓட்டை இருந்தா நிக்குமா?"

"நிக்காது."

"அப்ப ஏழுல ஓட்டை இல்லை."

"ஏழைப் பத்தித் தெரியலை சார். ஆனா எட்டுல..."

"ஏழுல இல்லாதது எட்டுல எப்படி இருக்கும்? ரெண்டும் ஒண்ணுன்னு நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"விரல் உள்ள போச்சு சார்."

இயக்குநர் வருத்தத்தோடு அவரைப் பார்த்தார். "அளவெடுக்க அங்கீகரிச்ச கருவிங்க பட்டியல்ல விரல் இல்லையே" என்றார்.

ஆய்வாளர் மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தார். ஒவ்வொரு படியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எங்கே சறுக்கியது என்று மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குள் இயக்குநர் அடுத்த படிக்குப் போய்விட்டார். எட்டு நல்ல நிலையில் இருப்பது நிரூபணமாகிவிட்டது. நல்ல நிலையில் உள்ள ஒரு கொள்கலனைக் காலியாகப் போட்டு வைப்பது சேமிப்புத் திறனை வீணடிக்கும் செயல். ஆகவே எட்டாம் எண் கொள்கலனை உடனே நிரப்ப வேண்டும் என்று ஆணை பிறந்தது.

இப்போது மாட்டிக்கொண்டது மேலாளர். எட்டில் ஓட்டை இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். எவ்வளவு ஊற்றினாலும் நிற்கவில்லை என்றுதான் முந்தைய மேலாளர் அதற்கு ஓய்வு கொடுத்திருந்தார். ஆனால் எட்டில் ஓட்டை என்று வாயைத் திறந்தால், தீர்மானத்தின்படி ஏழிலும் ஓட்டை. ஏழைக் காலி செய்யவேண்டும். குழாயை நிறுத்தவேண்டும். மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டும். படியிறங்கும்போது அவர் ஆய்வாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்களாவது உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"சொன்னேனே."

"இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம்."

எட்டு நிரப்பப்பட்டது. நிரப்ப நிரப்ப இறங்கியது. இறங்க இறங்க நிரப்பினார்கள். கணக்கில் குறைவதைப் பற்றி மேலாளர் முறைப்படி துறைக்குத் தெரிவித்தார். துறையின் தொழில்நுட்பப் பிரிவு அதை ஆழமாக ஆராய்ந்து, பெட்ரோல் இயல்பாகவே ஆவியாகும் தன்மை உடையது என்றும், மேற்கூரை இறுக்கமாக மூடியிருப்பதால் மேலே போக வழியில்லாமல் கீழே போயிருக்கலாம் என்றும், இது 'கீழ்முக ஆவியாதல்' என்ற வகையில் சேரும் என்றும், இதற்கு விதிகளில் தடை ஏதும் இல்லை என்றும் பதில் அனுப்பியது. அந்தப் பதிலை ஆய்வாளரும் படித்தார். ஆவி எந்தத் திசையில் போகிறது என்று அவருக்குத் தெரியும். சாக்கடையைத் தாண்டி, தையல் கடையைத் தாண்டி வருகிறது.

அது வந்து சேர்ந்ததை முதலில் கண்டது அவர் மனைவி. ஒரு காலையில் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"என்னங்க, இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க."

மோந்து பார்த்தார். மூக்கு எரிந்தது. தண்ணீரின் மேல் நிறம் நிறமாக ஒரு படலம் நெளிந்துகொண்டிருந்தது. ஆசை ஆசையாக வெட்டிய கிணறு. அவர் கண் கலங்கிவிட்டது. ஆனால் அந்தக் கலக்கத்துக்கு அடியிலேயே ஒரு சந்தோஷமும் குதித்ததை மறைக்க முடியாது. கையும் களவுமாக மாட்டிக்கொண்டது ஓட்டை. இனி யார் என்ன ஒப்புமை பேசினாலும் நடக்காது. "விடு, இதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதிகாரியாகச் சொன்னால்தானே காதில் ஏறவில்லை, குடிமகனாகச் சொல்லிப் பார்ப்போம் என்று, வீட்டுக்காரர் என்ற முறையில் தன் துறைக்கே ஒரு புகார் கொடுத்தார். துறை அதைச் சுறுசுறுப்பாக எடுத்துக்கொண்டு, அந்தப் பகுதியைக் கவனிக்கும் ஆய்வாளரிடம் விசாரணைக்கு அனுப்பியது. அதாவது அவரிடமே வந்தது. தன் வீட்டுப் புகாரைத் தானே விசாரிப்பது முறையல்ல என்று அவர் நேர்மையாகத் திருப்பி அனுப்பினார். அந்த நேர்மைக்குத்தான் அவர் பின்னால் மிகவும் வருந்தினார். ஏனென்றால் அவருக்குப் பதிலாகப் பக்கத்துச் சரகத்துத் தோழர் வந்தார்.

பக்கத்துச் சரகத்துத் தோழர் சட்டம் முழுவதையும் விரல் நுனியில் வைத்திருந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். அங்கீகரிக்கப்பட்ட கருவியை அங்கீகரிக்கப்பட்ட கயிற்றில் கட்டி இறக்கினார். கருவியைப் படித்தார். மிகவும் நல்ல மனிதர், சொல்லத் தயங்கினார்.

"அடித்தகடு சார், உங்க கிணத்துல பெட்ரோல் இருக்கு."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"உரிமம் எடுத்திருக்கீங்களா?"

"எதுக்கு?"

"பெட்ரோல் வெச்சிருக்கறதுக்கு."

எரிபொருளைத் தன்னகத்தே கொண்டிருக்கும், இயற்கையான அல்லது செயற்கையான, தரைக்கு மேலோ கீழோ அமைந்த எந்த அமைப்பும் கொள்கலன் எனப்படும் என்று சட்டத்தின் முதல் பக்கத்திலேயே இருந்தது. ஆய்வாளருக்கே அது மனப்பாடம். எத்தனையோ முறை அதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். தோழர் திண்டாடித் திண்டாடி அறிவிப்பை எழுதிக் கையில் கொடுத்தார். குடியிருப்புப் பகுதியில் உரிமமின்றிக் கொள்கலன் வைத்திருந்தது. அதற்கு மேற்கூரை அமைக்காதது. பத்தாண்டு உள்ளாய்வுக்கு உட்படுத்தாதது. அடித்தகடே இல்லாதது.

"என் கிணறு எப்ப டேங்க் ஆச்சு?" என்று மனைவி கேட்டாள். சட்டப்படி அது எப்போது ஆயிற்று என்று ஆய்வாளர் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார்.

தோழர் வந்தது வந்தோம் என்று தெருவில் இருந்த மற்ற கிணறுகளையும் பார்த்துவிட்டுப் போனார். மாலைக்குள் கீழ்த் தெரு முழுக்க அறிவிப்பு. எல்லோரும் ஆய்வாளர் வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். தையற்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்று, "அண்ணே, நீங்க புகார் கொடுக்கலேன்னா நாங்க பாட்டுக்கு நிம்மதியா இருந்திருப்போமே" என்றார். கூட்டம் அதை ஆமோதித்தது. ஓட்டை போட்டவன் மேல் யாருக்கும் கோபமில்லை, அதைப் பார்த்தவன் மேல்தான் என்று ஆய்வாளருக்கு அன்று புரிந்தது.

விசாரணை நாளில் தெருவே இயக்குநர் அறையில் நின்றது. நோட்டீஸ் போட்டது போட்டதுதான், ஆனால் பங்காளர்களை வருத்துவது நம் கொள்கையல்ல என்று இயக்குநர் ஆரம்பித்தார். கிணற்றுக்காரர்கள் இப்போது கொள்கலன் உரிமையாளர்கள், ஆகவே அவர்களும் பங்காளர்களே. தாமாக முன்வந்து பதிவு செய்துகொண்டால் அபராதம் கிடையாது. தவிர, முனையத்துக்குச் சேமிக்க இடம் போதவில்லை, இவர்களிடம் இடம் இருக்கிறது. முனையம் இந்தக் கிணறுகளை எட்டாம் எண்ணின் துணைக் கொள்கலன்களாக வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமே?

மேலாளர் எழுந்து இயக்குநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கணக்கில் குறைந்துகொண்டே இருந்த பெட்ரோல் இனிமேல் குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தவருக்கு அன்றுதான் உயிர் வந்தது. வாடகை என்ற சொல் காதில் விழுந்ததும் தெருவுக்கும் உயிர் வந்தது. தையற்காரர் நாடாவைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, மாதாமாதம் வருமா என்று மட்டும் கேட்டார். வரும் என்றார்கள்.

அதற்குப் பிறகு கீழ்த் தெருவின் களையே மாறிப்போயிற்று. கிணறுகளுக்குத் தகர மூடி போட்டு, வெள்ளையடித்து, சிவப்பில் எண் எழுதினார்கள். குடிக்கத் தண்ணீர் லாரி வந்தது. கொள்கலன் வளாகத்தில் தீ மூட்டக் கூடாது என்பதால் யார் வீட்டிலும் அடுப்பு எரியவில்லை, சாப்பாடு முனையத்தின் கேன்டீனிலிருந்து அடுக்கில் வந்தது. பீடி பிடிக்கிறவர்கள் மேல் தெருவுக்கு நடந்து போய்ப் பிடித்துவிட்டு வந்தார்கள், உடம்புக்கும் நல்லது என்றார்கள். வாசலில் 'கொள்கலன் உரிமையாளர்' என்று பலகை மாட்டிக்கொள்வது வழக்கமாயிற்று. பலகை இல்லாத ஒரு வீட்டுக்குப் பெண் கொடுக்க மறுத்துவிட்டதாகக்கூடக் கேள்வி. ஆய்வாளரின் மனைவி முதல் மாதம் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தாள். வாடகை வந்த பிறகு வாசனை பழகிவிட்டது என்றாள்.

ஆய்வாளர் மட்டும் விடவில்லை. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் தெருவே எரிந்து போய்விடும் என்ற பயம் அவரை அரித்தது. எட்டில் ஓட்டை இருக்கிறது, அடைக்கவேண்டும் என்று மறுபடி கடிதம் எழுத உட்கார்ந்தார். மனைவி வந்து எதிரே நின்றாள்.

"அடைச்சுட்டா கிணத்துக்கு வராதே?"

"வராது. தண்ணி சுத்தமாயிடும்."

"வாடகை?"

அவர் பேனாவை மூடினார். அன்றைக்கு மட்டும் என்று நினைத்துத்தான் மூடினார். மாடியில் ஒரு அறை எழுப்ப ஆள் பார்த்தாயிற்று என்பது அவருக்கும் தெரியும். அறை முடிந்ததும் எழுதிக்கொள்ளலாம்.

அறை முடிவதற்குள் மேல் தெருவிலிருந்து ஒரு மனு வந்துவிட்டது. மேல் தெருவாசிகளும் வரி கட்டுகிறவர்கள்தான் என்றும், ஒரே முனையத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தும் ஒரு பக்கத்து மக்களுக்கு மட்டுமே நன்மை போய்ச் சேர்வது பாரபட்சம் என்றும், ஆகவே எட்டாம் எண் கொள்கலனில் தங்கள் பக்கமும் ஒரு ஓட்டை போட ஆவன செய்ய வேண்டும் என்றும் அதில் கேட்டிருந்தார்கள். ஓட்டை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு வரியைப் பணிவோடு சேர்த்திருந்தார்கள். தெருவே கையெழுத்துப் போட்டிருந்தது. முதல் கையெழுத்து சகலையுடையது.

மனு அறிக்கைக்காக ஆய்வாளரிடம் வந்தது. அன்று மாலையே சகலையும் வந்துவிட்டார். வந்தவர் புது மாடி அறையைச் சுற்றிப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து மூடினார், பெருமூச்சு விட்டார்.

"சகல, உனக்கு ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும். விரலை விட்டுப் பார்த்தவன் நீ. இருக்குன்னு ஒரு வார்த்தை எழுது, போதும். அது இந்தப் பக்கம் மட்டும் இருக்கறது நியாயமில்லைன்னு நாங்க பேசிக்கிறோம்."

ஆய்வாளர் அந்த வார்த்தையை எழுதத்தான் இத்தனை வருஷம் ஏங்கியிருந்தார். எட்டில் ஓட்டை இருக்கிறது. இப்போது கேட்கக் காது இருக்கிறது, ஆதரிக்க ஒரு தெரு இருக்கிறது. எழுதினால் ஓட்டை பதிவாகும். பதிவானால் அடைக்கவேண்டும். அடைத்தால் கீழ்த் தெருவே அவர் வீட்டு வாசலில் வந்து நிற்கும், முன்னால் தையற்காரர் நிற்பார், கதவுக்கு உள்ளே மனைவி நிற்பாள். மாடி அறைக்கு இன்னும் பூச்சு வேலை பாக்கி. அவர் சகலையை வழியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்து எழுதினார்:

'எட்டாம் எண் கொள்கலன் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அதில் ஓட்டை ஏதும் இல்லை. இல்லாத ஓட்டைக்குத் துணையாக மற்றோர் ஓட்டை என்ற கேள்வியே எழவில்லை. மனு தள்ளுபடி செய்யத் தக்கது.'

எழுதி முடித்ததும் அவருக்கு அவமானமாக இருந்தது. கை நடுங்கியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். கை நடுங்கவில்லை. எழுத்து அச்சடித்த மாதிரி வந்திருந்தது.

மேல் தெருக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. எட்டாம் எண் கொள்கலனில் கட்டாயம் ஓட்டை இருக்கிறது, சம்பந்தப்பட்ட அதிகாரி சுயநலத்துக்காக அதை மறைக்கிறார், பெட்ரோல் மண்ணில் இறங்கிப் பொதுமக்கள் உயிருக்கே ஆபத்தாகிக்கொண்டிருக்கிறது என்று இயக்குநருக்குக் காரசாரமாக எழுதினார்கள். அந்தத் துறை தோன்றிய நாளிலிருந்து பொதுமக்கள் சொன்ன முழு உண்மை அது ஒன்றுதான். இயக்குநர் அதைக் கனிவோடு படித்தார். அந்த டேங்கை உள்ளும் புறமும் அறிந்தவர் வேறு யாரும் இல்லை என்பதால், விசாரித்து அறிக்கை தருமாறு ஆய்வாளருக்கே அனுப்பிவைத்தார். ஆய்வாளர் மறுநாள் முனையத்துக்குப் போய், டேங்கை ஒரு சுற்று சுற்றி வந்து, மேலாளர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுத உட்கார்ந்தார். இரண்டாவது அறிக்கை முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.